அம்பிளிக்கு ஒரு கிரீடம்

மட்டாஞ்சேரியில் ஆட்டோ ஓட்டுகிறவனுக்குப் பிள்ளை உண்டா, ஆணா பெண்ணா, எத்தனை என்று யாரும் அவனிடம் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்தால் போதும். மேல்விளிம்பில் பிள்ளைகளின் பேர் ஒட்டியிருக்கும். மூத்ததும் இளையதும் சண்டை போட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு ரோஜாப்பூ. மூன்றாவது பிறந்துவிட்டால் இடம் போதாமல் அது வண்டியின் பின்பக்கம் போகும். கல்யாணம் ஆகாதவன் சாமி பேரை ஒட்டுவான். கல்யாணமாகி, பிள்ளையும் இல்லாமல், கண்ணாடியும் மொட்டையாக இருந்தால், ஏறி உட்கார்ந்த சவாரி பாலம் தாண்டுவதற்குள் கேட்டுவிடும். கேட்காமல் இறங்கிப் போகிற பெருந்தன்மை கொச்சியில் இன்னும் யாருக்கும் வரவில்லை.

இந்தப் பேர்களில் பாதியை வெட்டிக் கொடுத்தவள் பேச்சி. பாலஸ் ரோட்டில் பினு வைத்திருந்த ஸ்டிக்கர் கடையில் அவளுக்கு வேலை. பினு துபாயில் போர்டு எழுதும் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவன். வரும்போது பெண்டாட்டிக்கு வளையல் வாங்கி வராமல் ஒரு வெட்டும் இயந்திரத்தை வாங்கி வந்தான் என்று அவன் மாமியார் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து அனுப்பினால், இயந்திரத்துக்குள் ஒரு சின்னக் கத்தி இடமும் வலமும் ஓடும், ஸ்டிக்கர் ரோல் முன்னும் பின்னும் போய்வரும். கத்தி மேலே உள்ள வண்ணத்தாளை மட்டும் வெட்ட வேண்டும், அடியில் இருக்கும் காகிதத்தைத் தொடக்கூடாது. அந்த அழுத்தம் பிடிபட பினுவுக்கே ஆறு மாதம் ஆனது. பேச்சிக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டது. அதை யாராவது சொல்லிவிட்டால் பினு முகம் கொஞ்சம் கோணும்.

வெட்டி முடித்தபின்தான் நிஜமான வேலை. வேண்டாத பாகத்தை உரித்து எடுக்க வேண்டும். இங்கிலீஷ் எழுத்தென்றால் ஒரே இழுப்பில் வந்துவிடும். மலையாள எழுத்தோ முழுக்கச் சுழி. ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஊசியை விட்டு, உள்ளே இருக்கும் பொட்டைக் கிள்ளி எடுக்க வேண்டும். பேச்சி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அதைச் செய்வாள். கடைக்கு வருகிற காலேஜ் பையன்கள் “பேச்சி சேச்சி, பேச்சி சேச்சி” என்று பாட்டு மாதிரி இழுப்பார்கள். அவள் நிமிர மாட்டாள். பேருக்குத்தான் பேச்சி, பேசுவது அபூர்வம்.

ஸ்டிக்கர் தவிர காகித வேலையும் உண்டு. கிறிஸ்துமஸ் வந்தால் நட்சத்திரம், கல்யாணக் காருக்குப் பூக்கள், பிறந்தநாளுக்குத் தொப்பியும் கிரீடமும். காகிதம் இயந்திரத்தில் வழுக்கும். அதனால் ஒரு பிளாஸ்டிக் தாளில் லேசாகப் பசை தடவி, அதன்மேல் அட்டையை ஒட்டி உள்ளே விடுவார்கள். வெட்டி வந்ததை மடித்து, ஒட்டி, ஜரிகை வைப்பதெல்லாம் கை வேலைதான். அதிலும் பேச்சியை அடிக்க ஆள் இல்லை.

பேச்சி பிறந்தது வளர்ந்தது எல்லாம் கூவப்பாடத்துப் பக்கம், கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்த தமிழர்கள் இருக்கும் லைன் வீடுகளில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அவள் புருஷன் அழகர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவன். சாரத்திலிருந்து விழுந்து தோள் இறங்கியபின் அந்த வேலையை விட்டு ஆட்டோவுக்கு வந்தான். பழைய வண்டி, பள்ளுருத்திக்காரன் ஒருத்தனிடம் வாங்கியது. கண்ணாடியில் அந்த ஆளுடைய மகள் பேர் ‘அம்பிளி’ என்று சிவப்பில் ஒட்டியிருந்தது. கடையில் சேர்ந்த புதிதில் பேச்சி, “வேற ஆளோட மோள் பேரை எந்துக்குச் சுமக்கிறீங்க? உரிச்சுத் தாரேன்” என்றாள். “கெடக்கட்டும், வெயிலுக்கு மறைப்பா இருக்கு” என்றான் அழகர். சோம்பேறித்தனம் என்று அவள் விட்டுவிட்டாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒன்று வந்தது, தங்கவில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம், எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது வலி எடுத்து, சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பெண் குழந்தை. அழவே இல்லை. பேச்சி மயக்கத்தில் கிடந்தாள். துணியில் சுற்றியதை அழகரிடம் கொடுத்தார்கள், அவன் தனியாகவே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தான். பேச்சி கண் விழித்தபோது பார்க்க ஒன்றும் இல்லை. மூச்சு விடாத பிள்ளைக்குத் தீட்டும் கிடையாது, துக்கமும் கிடையாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். யாரும் வீட்டுக்கு வரவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் வேறு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. அந்தப் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று பேச்சி ஒருநாள் சொன்னாள். அழகர் எடுக்கவில்லை.

இதெல்லாம் பழைய கதை. சொல்ல வந்தது தொடங்கியது இரண்டாயிரத்து ஐந்தில், மழை ஓய்ந்த ஒரு புதன்கிழமை.

அன்று மதியம் குடையை மடக்கிக்கொண்டு ஒரு டீச்சர் கடைக்குள் வந்தார். பேர் ஃபிலோமினா. தோப்பும்படியில் வீடு, மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை. ஒரு கிரீடம் வேண்டும் என்றார். தங்கநிற அட்டையில், பூ வைத்து, சிவப்பு எழுத்தில் பேர் போட்டு. நடுவில் எட்டு என்ற எண்.

“சனியாழ்ச்சை பிறந்தநாள். மோளுக்கு எட்டு ஆகுது,” என்றார்.

“டீச்சர்ட மோளா?” என்று பினு கேட்டான். மரியாதைக்குக் கேட்டதுதான்.

“ஐயோ, என்ட மக்களெல்லாம் வளந்து போயாச்சு. இது நம்ம ஆட்டோக்காரன் இல்லே, அழகர், பாண்டிக்காரன். தினம் அவன் வண்டியிலதான் வர்றேன். அவன்ட மோள். அம்பிளி. எப்பவும் அவளைப் பத்தியே பேச்சு. மோள் படம் வரைஞ்சா, மோளுக்குப் பல் விழுந்துச்சுன்னு. நான் இதுவரைக்கும் கண்டதே இல்ல. கேட்டா நாணம் பிடிச்ச குட்டி, வரமாட்டான்னு சொல்லுவான்.”

பேச்சி இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசி ஒரு சுழிக்குள் நின்றது. பினு அவளைத் திரும்பிப் பார்த்தான். அழகர் யார் என்று அவனுக்குத் தெரியும். அழகருக்குப் பிள்ளை இல்லை என்பதும் தெரியும். துபாய் போய் வந்தவனுக்கு அந்த அளவு விவரம் உண்டு, வாயை மூடிக்கொண்டான்.

“வெள்ளிக்கிழமை சாயந்தரம் வாங்க டீச்சரே, ரெடியா இருக்கும்,” என்றாள் பேச்சி.

அடுத்த இரண்டு நாளும் பேச்சி என்ன நினைத்தாள் என்பதைப் பெரிதாக விளக்க வேண்டாம். எந்தப் பெண்டாட்டியும் நினைப்பதைத்தான் நினைத்தாள். தோப்பும்படியில் ஸ்டாண்டு போட்டிருக்கிறான், அங்கிருந்து பக்கம்தான் பள்ளுருத்தி. அங்கே ஒருத்தி இருக்கிறாள், எட்டு வயதில் பிள்ளையும் இருக்கிறது. வண்டி வாங்கும்போதே பேர் ஒட்டியிருந்தது என்று சொன்னதே பொய்யாக இருக்கலாம். வெயிலுக்கு மறைப்பாம். இவ்வளவு நாள் எதிரே உட்கார்ந்து சோறு தின்றானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அழவில்லை. அழுதால் பினு கேட்பான்.

முதலில் வெட்டிய கிரீடம் வீணாய்ப் போனது. அழுத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டாள், கத்தி அட்டையையும் அடியிலிருந்த பிளாஸ்டிக்கையும் சேர்த்து அறுத்துவிட்டது. “எந்து பற்றி சேச்சி, என்ன ஆச்சு?” என்று பினு ஓடி வந்தான். “ஒண்ணும் இல்ல. அட்டை மோசம்,” என்றாள். இரண்டாவதை ஒழுங்காக வெட்டினாள். சக்களத்தி மகளுக்கென்றாலும் கிரீடம் கிரீடம்தானே, கோணலாகச் செய்து கொடுக்க அவள் கை சம்மதிக்கவில்லை. முனை ஒவ்வொன்றிலும் சின்னப் பூ, ஓரத்தில் ஜரிகை, நெற்றியில் உறுத்தாமல் இருக்க உள்ளே பஞ்சு. ‘அம்பிளி’யின் சுழிகளை ஊசியால் எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் பலமாகக் குத்தினாள். வெள்ளிக்கிழமை வந்த டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, “என்ன கையோ இது!” என்று பேச்சியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேச்சி கையை உருவிக்கொண்டாள்.

சனிக்கிழமை இரவு அழகர் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான். கிரீடத்தை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறான் என்று பேச்சி முடிவுகட்டினாள். சோறு போட்டாள், தின்றான், படுத்தான். வழக்கத்தைவிடக் குறைவாகத் தின்றான். அங்கே பாயசம் குடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை அவன் மீன் வாங்கப் போனதும் பேச்சி வண்டியைச் சோதனை போட்டாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. ஒரு ரவிக்கை ஊக்கு, ஒரு ரசீது, வேறொரு வாசனை, ஏதாவது. பின்சீட்டின் முதுகுக்குப் பின்னால் கருவிகள் வைக்கிற இடத்தில் ஒரு அரிசிச் சாக்கு கட்டி வைத்திருந்தது. அவிழ்த்தாள்.

மேலே இருந்தது அவள் செய்த கிரீடம், ஒரு பூகூட நசுங்காமல். அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் பொம்மை, பெட்டி பிரிக்காமல். அட்டையில் குத்தியபடியே தலைக்கிளிப்புகள். வண்ணப் பென்சில், ஒட்டுத்தாள் கிழிபடாமல். ஒரு குட்டிக் குடை. எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று வயதுப் பிள்ளைக்கான ஒரு கவுன், கடையில் குத்திய குண்டூசிகளோடு. மடிப்பு வெளுத்துப் போயிருந்தது.

பேச்சி அந்தக் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தாள். அம்பிளி என்று ஒரு பிள்ளை இருந்திருந்தால் இதில் ஒன்றையாவது உடைத்திருக்கும். பென்சிலையாவது கடித்திருக்கும். பள்ளுருத்தியில் யாரும் இல்லை. எங்கேயும் யாரும் இல்லை. அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அது ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை, பின்னாலேயே வேறு ஒரு கோபம் வந்தது. சக்களத்தி மேல் வந்த கோபத்தைவிட அது பெரிதாக இருந்தது.

அழகர் மத்தி மீன் பையோடு வந்தான். வண்டிக்குள் அவளையும் அவள் மடியையும் பார்த்தான். பையைத் தரையில் வைத்தான்.

“டீச்சர் எல்லாம் சொன்னா,” என்றாள் பேச்சி. “பல் விழுந்துச்சாமே. படம் வரையுமாமே. இந்தக் கிரீடத்தை வெட்டினது ஆருன்னு தெரியுமா? நான்தான்.”

அழகர் வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னான். “வண்டி வாங்குன புதுசுல ஒரு அம்மா ஏறுச்சு. அம்பிளின்னு போட்டிருக்கே, மகளான்னு கேட்டுச்சு. கண்ணாடியில பேர வச்சுக்கிட்டு இல்லைன்னு எப்பிடிச் சொல்றது? தலைய ஆட்டிட்டேன். எத்தன வயசுன்னு கேட்டுச்சு.”

“அதுக்கு?”

“மூணுன்னேன். அது பொய்யில்லையே, பேச்சி. இருந்திருந்தா அப்ப மூணுதான்.”

பேச்சி அவனை வெறித்துப் பார்த்தாள். அவன் நிறுத்தவில்லை. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததைச் சொல்ல ஆரம்பித்தவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. “நேத்துத்தான் தேதி. ஒனக்குத் தெரியாதா? வருசா வருசம் அந்த நாள்ல நீ வீட்ட ரெண்டு தரம் கழுவி விடுற, நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். வயசும் தேதியும் நான் மாத்திச் சொன்னதே இல்ல. மத்ததெல்லாம்... ஸ்கூலுக்குப் போற புள்ளைகள வண்டியில ஏத்துறேன்ல. அதுக என்ன பண்ணுதுகளோ அதச் சொல்லுவேன். சனங்க ஆசையாக் கேட்டாங்க. ஏதாச்சும் வாங்கிக் கொடுத்தாங்க. வேண்டாம்னா கோவிச்சுக்கிறாங்க. வேற புள்ளைக்குத் தூக்கிக் கொடுக்கவும் மனசு வரல.”

“என் வயித்துல கெடந்ததை நீ ஊர்ச் சவாரிக்கு விட்டிருக்கே,” என்றாள் பேச்சி. அவனை அவள் ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“வேற எங்க விடச் சொல்ற? வீட்டுக்குள்ள பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்ட.”

பதில் இல்லாதபோது பேச்சி வேலை செய்வாள். உள்ளே போய்ப் பிளேடும் மண்ணெண்ணெய்த் துணியும் எடுத்து வந்தாள். காலை வெயிலில் கண்ணாடி சூடேறி, பசை இளகியிருந்தது. பழைய ஸ்டிக்கர், வெயிலில் காய்ந்து காய்ந்து மொரமொரவென்று ஆகியிருந்தது. முழுசாக வரவில்லை, நகம் நகமாக உதிர்ந்தது. நல்ல ஸ்டிக்கரை உரிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும், இதற்கு அரை மணி பிடித்தது. அழகர் தடுக்கவில்லை. கடைசியில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அங்கே ஒரு பேர் இருந்ததற்கு ஒரு தடமும் இல்லை. அவள் வேலை அப்படித்தான் இருக்கும்.

அன்று அந்த வீட்டில் மத்தி குழம்பை இருவரும் தனித்தனியாகத் தின்றார்கள்.

இதில் பேச்சி ஒன்றை மறந்துவிட்டாள். பேர் ஒட்டிக் கொடுக்கிறவளுக்கு, பேரை எடுத்தால் ஊர் என்ன நினைக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். வண்டி கை மாறினால் பேர் போகும், அது எல்லாருக்கும் தெரிந்தது. வண்டி அதே ஆளிடம் இருக்க, பிள்ளை பேர் மட்டும் ஒருநாள் காணாமல் போனால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. தோப்பும்படி ஸ்டாண்டில் இதற்கு முன் ஒரு தடவை அப்படி நடந்திருக்கிறது. மகன் காயலில் மூழ்கிப் போனபின் அந்த டிரைவர் பேரைச் சுரண்டி எடுத்துவிட்டான். அன்றிலிருந்து பேர் சுரண்டிய கண்ணாடிக்கு அந்த ஸ்டாண்டில் யாரும் வேறு காரணம் நினைப்பதில்லை.

திங்கட்கிழமை அழகர் ஸ்டாண்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினான். அனீஷ் என்ற டிரைவர்தான் முதலில் கண்ணாடியைப் பார்த்தான். பிறகு அழகரின் முகத்தைப் பார்த்தான். இரண்டு நாள் தூங்காத முகம். “அண்ணா, மோளு?” என்று கேட்டான். அழகருக்கு ஒரு பொய்தான் மிச்சம் இருந்தது, ஊருக்கு அனுப்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். செவ்வாய்க்கிழமை அவன் ஸ்டாண்டுக்கே வரவில்லை. டீச்சர் வழக்கமான நேரத்துக்கு வந்து நின்றார். மொட்டைக் கண்ணாடியையும் அழகர் அழுததையும் அனீஷ் சொன்னான். கிரீடம் கொடுத்து மூன்று நாள் ஆகவில்லை. டீச்சர் அங்கேயே ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயந்தரம் கூவப்பாடத்து லைன் வீடுகளுக்கு முன்னால் நான்கு ஆட்டோ வந்து நின்றது. அனீஷும் ஸ்டாண்டு ஆட்களும் ஏழெட்டுப் பேர். முன்னால் ஃபிலோமினா டீச்சர், வெள்ளைச் சேலையில். சத்தம் போடாமல் இறங்கினார்கள். அழகர் வீடு எது என்று கேட்டார்கள். எதுக்கு என்று எதிர்வீட்டுக் காளியம்மை கேட்டாள்.

“அவன்ட மோள் மரிச்சுப் போச்சில்லே,” என்றான் அனீஷ்.

“ஏது மோள்?” என்றாள் காளியம்மை. அவள் குரல் கொஞ்சம் உரக்கத்தான் இருக்கும். நான்கைந்து வாசல்களில் தலை தெரிந்தது.

பேச்சி வேலையிலிருந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ஈர முகத்தோடு வாசலுக்கு வந்தாள். ஒரு பக்கம் தோப்பும்படி ஆட்கள், கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. இன்னொரு பக்கம் அவளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த லைன்காரர்கள், ஒன்றும் புரியாமல். உள்ளே சுவரோரத்தில் அழகர் எழுந்து நின்றான். இப்போது அவள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அப்படி ஒரு பிள்ளையே இல்லை, இந்த ஆள் இத்தனை வருஷமாக உங்களை ஏமாற்றினான் என்று சொன்னால் போதும். அதற்குப் பிறகு அழகர் எந்த ஸ்டாண்டிலும் வண்டி போட முடியாது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் அந்த வாக்கியத்தை மனதுக்குள் பலதடவை சொல்லிப் பார்த்திருந்தாள். அவனுக்கு வேண்டும் என்றுதான் இருந்தது.

டீச்சர் கிட்டே வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். பேச்சியின் முகத்தையும் கையையும் பார்த்தார்.

“நீ... அந்த ஸ்டிக்கர் கடையில...” என்றார் டீச்சர். “நீயா அம்பிளிட அம்மை? ஈசோயே, அந்தக் கிரீடம் நீயா செஞ்சே? அன்னைக்கு ஒரு வார்த்தை பறஞ்சில்லையே மோளே. நானும் ஒண்ணும் அறியாம உன் கையைப் பிடிச்சு...” பேச்சியின் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். உலகத்தில் இல்லாத ஒரு பிள்ளைக்காக, வயசான ஒரு பொம்பளை, மூக்கு ஒழுக, அத்தனை பேர் முன்னால் அழுதார்.

இந்த முறை பேச்சி கையை உருவவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பாயில் கிடந்த நாட்களில், வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் யாரோ வருகிறார்கள் என்று அவள் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். எல்லாச் செருப்பும் கடந்துதான் போயின. அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

“எட்டு வருசமாச்சு டீச்சரே,” என்றாள் பேச்சி. சத்தமாகத்தான் சொன்னாள், லைன்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று. “பொறந்த அன்னைக்கே போயிட்டா. அழக்கூட இல்ல. வளந்தா, பள்ளிக்கூடம் போனான்னு இவர் சொன்னதெல்லாம் மனசு கேக்காமச் சொன்னது. கண்ணாடியில பேரை எடுத்தது நான். செத்தது இப்ப இல்ல, அப்பவே.”

ஸ்டாண்டு ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற ஒருத்தன் ஏதோ முணுமுணுத்து ஆட்டோ பக்கம் திரும்பினான். அனீஷ் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

“அன்னைக்கு ஒருத்தரும் வரல,” என்றாள் பேச்சி. இப்போது அவள் காளியம்மையைப் பார்த்துச் சொன்னாள். காளியம்மை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “துக்கம் கேக்க இன்னைக்குத்தான் ஆள் வந்திருக்கு. தப்பா வந்தாலும் வந்திருக்கீங்க. நிக்காதீங்க, உள்ள வாங்க.”

உள்ளே அவ்வளவு பேருக்கு இடம் இல்லை. டீச்சர் முதலில் போய்ப் பாயில் உட்கார்ந்தார். அனீஷ் சுவரோரம் உட்கார்ந்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். திரும்பிப் போகப் பார்த்தவனும் கழற்றினான். லைன்காரர்கள் வாசலிலேயே குந்தினார்கள். காளியம்மை சொல்லாமலேயே அடுப்படிக்குப் போய்க் கட்டஞ்சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள். சாவு வீட்டில் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள்.

சாவு வீட்டில் கேட்கிற கேள்வியைத்தான் டீச்சரும் கேட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில்.

“மோள் ஆரைப் போல இருந்தா?”

பேச்சி வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியாது. பார்த்தவன் ஒரே ஒருத்தன். எட்டு வருஷம் ஒரே பாயில் படுத்தும் அவள் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

“எனக்குத் தெரியாது டீச்சரே,” என்றாள். “அவர்தான் பாத்தாரு. அவரைக் கேளுங்க.”

எல்லாரும் அழகரைப் பார்த்தார்கள். பேச்சியும் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள், கேட்பதற்கு.

“முடி நெறைய இருந்துச்சு,” என்றான் அழகர்.